அரச ஊழியரின் வேலையை அளக்க அரசாங்கம் எப்போது முன்வருகிறது?

கடை வைத்திருப்பவருக்கு இரவில் கடையைப் பூட்டும்போதே கணக்குத் தெரிந்துவிடும். இன்று எவ்வளவு விற்றது, கல்லாவில் எவ்வளவு இருக்கிறது, வேலைக்கு நிற்கும் மூன்று பேரில் யார் வாடிக்கையாளரைப் பிடித்து வைத்தார், யார் கைத்தொலைபேசியுடன் பொழுதைக் கழித்தார் என்பதையெல்லாம் அவருக்கு யாரும் படிவம் நிரப்பிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதம் தொடர்ந்து நட்டம் வந்தால் மூன்றாம் மாதம் அவரே ஏதாவது செய்வார். செய்யாவிட்டால் கடை இருக்காது.

அரசாங்கத்திடம் அப்படியொரு கல்லாப்பெட்டி இல்லை. அலுவலகக் கருமபீடத்தில் இருப்பவர் ஒரு நாளில் 40 விண்ணப்பங்களை முடித்தாலும் 4 விண்ணப்பங்களை முடித்தாலும் மாத முடிவில் சம்பளம் ஒன்றுதான். ஆண்டு முடிவில் சம்பள ஏற்றமும் ஒன்றுதான். இதில் பாதிக்கப்படுவது மக்கள் மட்டுமல்ல. மூன்று பேருடைய வேலையை ஒருவராகச் செய்யும் நல்ல எழுதுவினைஞரும்தான். இந்த இடைவெளியை நிரப்புவதற்காக உலக நாடுகள் கண்டுபிடித்த ஏற்பாட்டுக்குச் செயலாற்றுகை முகாமைத்துவம் என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் விடயம் எளிது. ஒவ்வொரு அலுவலகமும், ஒவ்வொரு அலுவலரும் ஓராண்டில் எதைச் செய்து முடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. ஆண்டு முடிவில் அது நடந்ததா என்று அளப்பது. அந்த அளவைச் சம்பள ஏற்றத்துடனோ பதவி உயர்வுடனோ அலுவலகத்துக்கு ஒதுக்கும் பணத்துடனோ இணைப்பது. இவ்வளவுதான்.

எமது வர்த்தகர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அரியாலையில் கண்டி வீதியை அண்டி ஒருவர் சிறிய உணவுப் பொருள் கடையொன்றைத் திறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வர்த்தகப் பெயர்ப் பதிவுக்கு அவர் பிரதேச செயலகப் படியேற வேண்டும். அரியாலைக்கு அது நல்லூர் பிரதேச செயலகம். வியாபார அனுமதிப்பத்திரத்துக்கு, கடை எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைப் பொறுத்து மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ போக வேண்டும். சுகாதார நிலைமையைப் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வர வேண்டும். தராசுக்கு முத்திரை குத்துவது அளவை அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் வேலை. இத்தனைக்கும் நடுவில் கடை வாடகை முற்பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. கடன் வாங்கியிருந்தால் அதற்கான கட்டுப்பணமும் ஓடுகிறது. ஒரு கையொப்பத்துக்காக மூன்று தடவை "ஐயா, நாளைக்கு வாங்கோ" என்று சொல்லப்பட்டால் அந்த மூன்று நாட்களின் செலவு எந்த அரசாங்கக் கணக்கிலும் பதியப்படுவதில்லை. வர்த்தகரின் கணக்கில்தான் பதிகிறது.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, 2002இன் பின்னரும் 2009இன் பின்னரும் திரும்பி வந்து கடை திறந்த எமது சகோதரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழைய பதிவு ஒரு மாவட்டத்தில், வதிவிடச் சான்று இன்னொரு மாவட்டத்தில் என்று கோவைகளுக்குப் பின்னால் அலைவது எப்படியிருக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

அரியாலையிலிருந்து அதே கண்டி வீதியால் நகரத்துக்குப் போகும்போது பழைய பூங்காவும் பழைய கச்சேரிக் கட்டடமும் வரும். ஆங்கிலேயர் ஆட்சியில் 1905ஆம் ஆண்டு லெனார்ட் வூல்ஃப் என்ற இளம் சிவில் சேவை அதிகாரி யாழ்ப்பாணத்தில் கடமையேற்றார். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்றவர். கிடைக்கும் கடிதத்துக்கு அன்றைய தினமே பதில் எழுதப்பட வேண்டும் என்பது, தாம் பணியாற்றிய கச்சேரிகளில் அவர் வற்புறுத்திய விதி. எழுதுவினைஞர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். அக்காலத்து அரசாங்க அதிபர்கள் தமது அன்றாட வேலையை நாட்குறிப்பாக எழுதிக் கொழும்புக்கு அனுப்பவும் வேண்டியிருந்தது. ஆக, அளவுகோல் என்பது இந்த மண்ணுக்குப் புதிய சரக்கல்ல. ஆனால் வூல்ஃபின் விதி வூல்ஃப் இருக்கும் வரைதான். அதிகாரி இடமாற்றம் பெற்றுப் போன பின்னரும் விதி நிலைத்து நிற்க வேண்டுமென்றால் அது அரசாங்கத்தின் கொள்கையாக வேண்டும்.

அந்தக் கொள்கையை அரசாங்கங்கள் எப்போது கையில் எடுக்கின்றன? நல்லெண்ணம் உதித்த நாளில் அல்ல. பெரும்பாலும் திறைசேரி காலியாகும் நாளில்தான். பணம் தாராளமாக இருக்கும்வரை எந்த அமைச்சரும் இலட்சக்கணக்கான அரச ஊழியர்களைப் பகைத்துக்கொள்ள விரும்புவதில்லை. அவர்களும் அவர்களது குடும்பத்தினரும் வாக்காளர்கள் அல்லவா?

பிரித்தானியா 1976இல் சர்வதேச நாணய நிதியத்திடம் கடனுக்குப் போன நாடு. மூன்று ஆண்டுகளின் பின் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தட்சர், அரச அலுவலகங்களில் வீண் செலவைத் தேடிப் பிடிக்க யாரை அழைத்தார் தெரியுமா? டெரிக் ரேய்னர் என்ற வியாபாரியை. மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் என்ற பெரிய கடைத்தொகுதியை நடத்தியவர்களில் ஒருவர் அவர். ஒவ்வொரு திணைக்களத்திலும் ஒரு வேலையைத் தெரிவுசெய்து, இது எதற்காகச் செய்யப்படுகிறது, என்ன செலவாகிறது, இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பதுதான் அவருடைய முறை. எந்தக் கடைக்காரரும் தன் இருப்புப் பொருளைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள்தாம் இவை. 1982இல் இந்தக் கேள்விகள் எல்லா அமைச்சுகளுக்கும் பொதுவான நிதி முகாமைத்துவத் திட்டமாக மாறின. 1991இல் பிரதமர் ஜோன் மேஜர் அதற்கு மேல் ஒரு படி சென்று பிரஜைகள் சாசனத்தை வெளியிட்டார். இத்தனை நாட்களுக்குள் இந்தச் சேவை கிடைக்கும், கிடைக்காவிட்டால் இங்கே முறையிடுங்கள் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த வாக்குறுதி அது.

நியூசிலாந்தின் கதை இன்னும் கூர்மையானது. 1984இல் அந்நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு ஆபத்தான நிலைக்கு இறங்கி, நாணயத்தின் பெறுமதி 20 சதவீதம் குறைக்கப்பட்டது. புதிதாக வந்த தொழிற்கட்சி அரசாங்கம் நான்கே ஆண்டுகளில் அரச துறைச் சட்டத்தை மாற்றியது. 1988ஆம் ஆண்டின் அச்சட்டத்தின்படி திணைக்களத் தலைவர்கள் நிரந்தரப் பதவியை இழந்து, அதிகபட்சம் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் நிறைவேற்று அதிகாரிகளானார்கள். என்ன செய்து தருவீர்கள் என்று எழுத்தில் கேட்கப்பட்டது. தொழிலாளர்களின் கட்சி இதைச் செய்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கொள்கை மாற்றத்தைக் கொண்டுவருவது கட்சியின் நிறத்தைவிட நெருக்கடியின் ஆழம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

ஒரு நாடு செய்ததைப் பார்த்து மற்ற நாடுகளும் செய்தன. உலக வங்கி போன்ற கடன் கொடுப்பவர்கள் அந்த மாதிரியை மற்ற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார்கள். மலேசியா 1992இல் புதிய சம்பள முறையொன்றை அமுலாக்கியது. ஆண்டு மதிப்பீட்டில் பின்தங்கியவருக்கு அந்த ஆண்டு சம்பள ஏற்றம் இல்லை. சாதாரணமாகச் செய்தவருக்கு ஒரு படி. நன்றாகச் செய்தவருக்கு இரு படி. மிகச் சிறந்தவருக்கு மூன்று படி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புள்ளி போடுவது மேலதிகாரி. அவருக்கு வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்ற பேச்சு அலுவலகங்களில் கிளம்பியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, 2002 நவம்பரில் வேறொரு முறை அதனிடத்துக்கு வந்தது. பத்து ஆண்டுகள் அந்த முறை நின்றதே பெரிய விடயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தியா 2009இல் மத்திய அமைச்சுகளுக்குப் பெறுபேற்று ஆவணம் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு அமைச்சும் ஆண்டின் தொடக்கத்தில் தன் இலக்குகளையும் அவற்றுக்குரிய புள்ளிகளையும் எழுதிக் கொடுக்கும். ஆண்டு முடிவில் புள்ளி கணக்கிடப்படும். 2014இல் ஆட்சி மாறியதும் அந்த முறை கைவிடப்பட்டது. இதே இந்தியாவில் மத்தியப் பிரதேசமும் பீகாரும் வேறு வழியில் சென்றன. இந்தச் சான்றிதழ் இத்தனை நாளில் தரப்பட வேண்டும், தராத அலுவலர் தன் சம்பளத்திலிருந்து தண்டம் கட்ட வேண்டும் என்று சட்டமே போட்டன. மத்தியப் பிரதேசம் 2010இலும் பீகார் 2011இலும் இதைச் செய்தன. ஆவணம் ஆட்சியோடு போனது. பொதுமகனுக்கு உரிமை கொடுத்த சட்டத்தை அவ்வளவு இலகுவாக எடுத்துவிட முடியவில்லை.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் இந்தக் கதை நேர்கோட்டில் போகவில்லை. சுதந்திரத்தின்போது எமக்குக் கிடைத்தது சுயாதீனமான அரசாங்க சேவை ஆணைக்குழுவும் பெருமைமிக்க சிவில் சேவையும். சிவில் சேவை 1963இல் நிர்வாக சேவையாக மாற்றப்பட்டது. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் அமைச்சரவையின் கைக்குப் போக வழி செய்தது. அங்கேதான் அடி விழுந்தது. பதவி உயர்வுக்கு வேலையைவிட எம்.பி.யின் கடிதம் பெறுமதியானது என்றான பிறகு எந்த அலுவலர் அளவுகோலைப் பற்றிக் கவலைப்படுவார்?

ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் 1986இல் நிர்வாக சீர்திருத்தக் குழுவொன்றை நியமித்தது. அனுபவம் மிக்க நிர்வாகியான ஷெல்டன் வனசிங்க அதன் தலைவர். அமைச்சுகளின் எண்ணிக்கை முதல் ஆளணி முகாமைத்துவம் வரை அக்குழு அறிக்கை மேல் அறிக்கையாகக் கொடுத்தது. உருப்படியாக நிறைவேறியது குறைவு. அதே காலத்தில் போர்ச் செலவும் கடனும் நெருக்க, 1988இல் அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்தின் கட்டமைப்புச் சீராக்க உதவியைப் பெற்றது. 1990இல் அரச ஊழியர்கள் முன்கூட்டியே ஓய்வு பெறுவதற்கான சலுகைச் சுற்றுநிருபம் வந்தது. சீர்திருத்தம் என்றால் ஆட்குறைப்பு என்ற எண்ணம் எமது நாட்டில் வேரூன்றியது அப்போதுதான். இது பெரிய தவறு. ஆளைக் குறைப்பது வேறு, இருக்கும் ஆளின் வேலையை அளப்பது வேறு. முதலாவதைச் செய்தால் நல்லவர்கள்தாம் முதலில் போவார்கள், ஏனென்றால் வெளியே வேலை கிடைப்பது அவர்களுக்குத்தான். பின்னர் வந்த அரசாங்கங்கள் வெற்றிடத்தை நிரப்பியதோடு நிற்காமல் தேர்தல்தோறும் புதிதாகவும் சேர்த்தன. 2020இல் மட்டும் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளுக்கு நியமனம் வழங்கியதோடு, வறிய குடும்பங்களுக்கு ஓர் இலட்சம் வேலைவாய்ப்பு என்ற திட்டமும் ஆரம்பிக்கப்பட்டது. இன்று அரச துறையில் இருப்போர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர் என்று சொல்லப்படுகிறது.

2001இல் 17ஆவது திருத்தம் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குச் சுயாதீனத்தை மீண்டும் கொடுத்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதைப் பறித்தது. 2015இல் 19ஆவது கொடுத்தது. 2020இல் 20ஆவது பறித்தது. 2022இல் 21ஆவது மறுபடியும் கொடுத்தது. தராசை யார் கையில் வைப்பது என்பதற்கே இத்தனை இழுபறி என்றால் எடை எப்படிச் சரியாக வரும்?

இதற்கிடையில் 2006இல் பொது நிர்வாகச் சுற்றுநிருபம் மூலம் சம்பள அமைப்பு மாற்றப்பட்டது. அதன் பின் வந்த சேவைப் பிரமாணங்களில், பதவி உயர்வுக்கு முந்திய ஆண்டுகளின் செயலாற்றுகை திருப்திகரமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இடம்பெற்றது. வினைத்திறன்காண் தடைதாண்டற் பரீட்சையும் உண்டு. ஆக, சட்டப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் 'திருப்திகரம்' என்ற சொல்லை மேலதிகாரி எல்லோருக்கும் எழுதிவிட்டால் அளவுகோலுக்கு வேலையில்லை. ஒரே கட்டடத்தில் இருபது ஆண்டுகள் முகம் பார்த்து இருக்க வேண்டிய ஒருவரைப் பற்றி 'திருப்தியில்லை' என்று எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? தன் மைத்துனரைக் கடையில் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும்.

எமக்குப் பயன்படக்கூடிய ஏற்பாடு 2008இல் வந்தது. அவ்வாண்டின் 5ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம் அரச அலுவலகங்களைப் பிரஜைகள் சாசனம் தயாரிக்கப் பணித்தது. என்ன சேவை, என்ன ஆவணங்கள் தேவை, எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், பொறுப்பான அலுவலர் யார் என்பதை மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். பிரித்தானியாவில் 1991இல் பிறந்து, 1993இல் மலேசியாவுக்கும் 1997இல் இந்தியாவுக்கும் போய், எமது பிரதேச செயலகச் சுவருக்கு வந்து சேர 17 ஆண்டுகள் ஆயின. எத்தனையோ அலுவலகங்களில் அந்தப் பலகை இருக்கிறது. நாம் அதன் கீழேதான் வரிசையில் நிற்கிறோம். அதை வாசிப்பவர்கள்தாம் குறைவு.

பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய கோபா குழுவும் 2015ஆம் நிதியாண்டு தொடக்கம் கணினி வழியாக 800க்கும் அதிகமான நிறுவனங்களை மதிப்பிட்டுப் புள்ளியிடத் தொடங்கியது. மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் இதில் அடக்கம். சிறந்தவற்றுக்கு விருதும் கொடுத்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அங்கே முக்கியமாகப் பார்க்கப்படுவது கணக்குகள் உரிய காலத்தில் முடிந்தனவா, நிதி விதிகள் பின்பற்றப்பட்டனவா என்பதே. அரியாலைக் கடைக்காரர் அனுமதிப்பத்திரத்துக்கு எத்தனை தடவை நடந்தார் என்பதை அது காட்டாது. விருது வாங்கிய அலுவலகத்திலும் "நாளைக்கு வாங்கோ" கேட்கலாம்.

எதை அளக்கிறோமோ அதுவே நடக்கும் என்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. விண்ணப்பம் 14 நாளில் முடிக்கப்பட வேண்டும் என்று விதி போட்டால், 13ஆம் நாள் 'ஆவணம் போதாது' என்று திருப்பி அனுப்பிவிட்டு, கணக்கில் 'முடிந்தது' என்று எழுத முடியும். ஆகவே எத்தனை நாள் என்று மட்டும் கேட்காமல், எத்தனை விண்ணப்பங்கள் திருப்பப்பட்டன, ஏன் திருப்பப்பட்டன என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு ஆண்டுத் திட்டமாகச் சுமார் 300 கோடி டொலருக்கு அனுமதியளித்தது. நியூசிலாந்தை உலுக்கிய 1984ஐவிடப் பெரிய நெருக்கடி இது. விளைவுகளை முதலில் உணர்ந்தவர்கள் வர்த்தகர்கள். 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாயிற்று. பதிவு செய்ய வேண்டிய ஆண்டுப் புரள்வின் எல்லை 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியாக இறங்கியது. மறுபுறத்தில் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, கட்டம் கட்டமாக உயர்த்தியது. பொருட்களின் விலை ஏறிய வேகத்தைப் பார்க்கும்போது அந்த உயர்வு நியாயமானது; அதை நாம் குறை சொல்ல முடியாது. வயிறு காய்ந்த அலுவலரிடம் வேகத்தை எதிர்பார்ப்பதும் சரியல்ல. ஆனால் சம்பளம் உயரும் அதே நேரத்தில்தான் அளவுகோலையும் கொண்டுவர முடியும். ஒன்றைக் கொடுக்கும்போது இன்னொன்றைக் கேட்கலாம். கொடுத்து முடித்த பின்னர் கேட்டால் கிடைக்காது என்பது பேரம் பேசத் தெரிந்த எவருக்கும் தெரியும். அந்தச் சம்பள உயர்வு இந்தச் சந்தர்ப்பத்தைத் தந்தது. முழுமையாகப் பயன்படுத்தப்பட்டதாக எமக்குத் தெரியவில்லை.

அரசாங்கம் அளக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியொருவர் தன் கோவையைப் பற்றிக் கேட்டால் அலுவலகத்தில் பகை வரும் என்ற பயம் நியாயமானது. ஆகவே வர்த்தகர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் எல்லோருக்கும் பொதுவாக, எந்தக் கோவையையும் சுட்டாமல் கேட்கலாம். கடந்த ஆண்டில் வியாபார அனுமதிப்பத்திரத்துக்கு எத்தனை விண்ணப்பங்கள் கிடைத்தன? ஒவ்வொன்றும் கிடைத்த திகதி எது, வழங்கப்பட்ட திகதி எது? எத்தனை திருப்பி அனுப்பப்பட்டன, என்ன காரணத்துக்காக? உங்கள் பிரஜைகள் சாசனத்தில் இந்தச் சேவைக்கு எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறீர்கள்? விடைகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கழித்தால் சராசரி நாள் வந்துவிடும். பக்கத்துப் பிரதேச சபையிடமும் அதையே கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின் மீண்டும் கூடிய உள்ளூராட்சி மன்றங்களில் இப்போது நாம் வாக்களித்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாளின் பிரதியொன்றை அவர்களிடம் கொடுத்து, சபைக் கூட்டத்தில் கேட்கச் சொல்லலாம்.

கோரிக்கையைத் தமிழிலேயே எழுதி அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுத்து, கிடைத்ததற்கான பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லும்படி உங்களை வற்புறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை.